நாற்பத்து நாலாம் நம்பருக்கு மாற்றுத்துணி தந்த ஜெயலீலா அக்காவுக்கு

வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம். சௌக்கியமாக இருக்கிறீர்களா? ஹூஸ்டனிலிருந்து கார் ஓட்டி வந்தவர்களுக்கு முதுகு எப்படி இருக்கிறது? ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையிலிருந்து வந்த லட்டு டப்பா மேஜைமேல் இருக்கிறது. மடல் வாசித்து முடியும்வரை அதை யாரும் திறக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் அப்புறமும் திறக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை பெற்றெடுத்த பண்பின் பெட்டகமே, கறை கண்டால் கண்ணயராத காரிகையே, சேற்றோடு வந்ததைச் சிரித்த முகத்தோடு வாங்கிச் சுத்தமாய்த் திருப்பித் தந்த சீமாட்டியே, லாட்டிமர் காலேஜ் ஃபுட்பால் அணியின் எக்விப்மெண்ட் ரூமைப் பத்து சீசன் கட்டிக் காத்த எங்கள் அன்பு அக்கா, திருமதி ஜெயலீலா தேவதாஸ் அவர்களே.

இதற்கு மேல் உங்களை நேராகப் பார்த்துப் பேசினால், பாதியிலேயே எழுந்து எல்லோரையும் சாப்பிடப் போகச் சொல்லிவிடுவீர்கள். அதனால் மீதியைச் சபையைப் பார்த்துச் சொல்கிறோம். நீங்கள் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருங்கள்.

அக்கா இந்த டிசம்பரில் ரிடையர் ஆக வேண்டும் என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். நின்று நின்று இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டது. ஆனால் அக்காவால் கிளம்ப முடியவில்லை. லாக்கர் ரூமின் கடைசி லாக்கரில் ஒரு ஜெர்சி தொங்கியது. இனி அதை யார் துவைப்பார்கள் என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலை எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்தக் கல்லூரிக்கு, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி மோதும் இந்த அமெரிக்க ஃபுட்பால், வெறும் விளையாட்டு இல்லை என்பது இங்கே ஒரு சனிக்கிழமை இருந்தவர்களுக்கே தெரியும். கடைகளை அடைத்துவிடுவார்கள், பாண்ட் வாத்தியம் தெருவில் வரும், சர்ச் மணியை ஆட்டம் தொடங்கும்போது அடிப்பார்கள். இந்த எல்லா வழக்கத்துக்கும் மேலே ஒரு வழக்கம் உண்டு. 1928-ல் எமெட் ராலி என்ற பையன் இந்த அணியில் ஆடினான். நம்பர் நாற்பத்து நாலு. கொட்டும் மழையில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோல் கோட்டில் விழுந்தான். அவன்மேல் பத்துப் பேர் விழுந்தார்கள். பத்துப் பேரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. அன்றைக்கு அவன் போட்டிருந்த கம்பளி ஜெர்சியை அந்தச் சேற்றோடேயே கடைசி லாக்கரில் மாட்டினார்கள். அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் காப்டன் அதைத் தூக்கி வந்து பெஞ்சின் ஓரத்தில் விரித்து வைப்பான். அந்த இடத்தில் யாரும் உட்காரக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் திரும்ப லாக்கர். காப்டனைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது, யாரும் அதைத் துவைக்கக் கூடாது. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதும் இல்லை.

1980 செப்டம்பரில் புதிதாக வந்தவர் நம் ஜெயலீலா அக்கா. அவர் கணவர் தேவதாஸ் அண்ணன் இங்கே கணக்கு வாத்தியார். அக்கா பாளையங்கோட்டையில் பெண்கள் ஹாஸ்டல் மேட்ரனாக இருந்தவர், அந்த ஹாஸ்டலில் கழுத்துப்பட்டி அழுக்கோடு ஒரு பிள்ளை சாப்பாட்டு ரூமுக்குள் நுழைய முடியாது. அப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்த முதல் வாரம், கடைசி லாக்கரைத் திறந்து பார்த்தால் மண்ணாங்கட்டி மாதிரி ஒரு சட்டை. அக்கா என்ன செய்திருப்பார்? குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போட்டார். கம்பளி சுருங்கிவிடும் என்று மெஷினில் போடாமல் கையாலேயே துவைத்தார். முழங்கை கிழிந்திருந்தது, அதை நூல் கோத்துத் தைத்தார். நிழலில் உலர்த்தி, மறுபடி லாக்கரில் மாட்டிவிட்டார். சிங்க் முழுக்கச் செக்கச்செவேல் என்று மண்.

வெள்ளிக்கிழமை காப்டன் லாக்கரைத் திறந்தான். உள்ளே நீல நிற ஜெர்சி தொங்கியது. அது நீலம் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கே தெரியும். பேக்கரியில் ஐம்பது வருஷமாக எமெட் ராலி பேரில் காப்பிக்கலர் ஜெர்சி வைத்துக் கேக் செய்துகொண்டிருந்தார்கள்.

கோச் ஹாஸ்கெல் வந்தார். பின்னால் அணி முழுக்க ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

"மேடம், இது ஐம்பது வருஷமா துவைக்காத துணி."

"அதான் தண்ணியப் பாத்தாலே தெரிஞ்சுதே," என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. கோச் அவரை உட்காரவைத்துக் கதையைச் சொன்னார்.  நாளை ஆட்டம் முடியட்டும், திங்கட்கிழமை உங்கள் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டுக் கோச் போனார்.

வீட்டில் தேவதாஸ் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. "கிரீன் கார்டு அப்ளை பண்ணிருக்க நேரத்துல இது தேவையா லீலா? ஊரு பூரா ஒன்னயப் பத்திதான் பேசுதாவ."

"அழுக்குத் துணியத் துவைச்சது குத்தமாங்க?"

"மத்த துணியத் துவைச்சா குத்தமில்ல."

அந்த வருஷம் டெக்சஸில் மழையே கிடையாது. சனிக்கிழமை மைதானம் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. காப்டன் நீல ஜெர்சியைப் பெஞ்சு ஓரத்தில் விரித்து வைத்தான். அக்கா, ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வரும் சுரங்க வழியின் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை கூட்டம் கத்தியபோது பார்வை மைதானத்துக்குப் போய்த் திரும்பியது. ஜெர்சி அங்கேயேதான் இருந்தது. ஆனால் பெஞ்சின் பலகை அந்த இடத்தில் மட்டும் கறுத்து, ஈரமாகத் தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் காப்டன் லாண்டரி ரூம் வாசலுக்கு வந்தான். ஜெர்சியை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தான். அதிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் சொட்டியது. நெஞ்சிலும் முழங்கையிலும் அப்பிய மண்.

"மேடம், நான் ஒண்ணும் பண்ணல. விரிச்சு வெச்சேன், எடுத்தேன். அவ்ளோதான்."

அக்கா கை நீட்டி வாங்கினார். வாங்கிய கையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே நனைந்திருந்த துணி உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்த மாதிரி உடம்புச் சூடு.

கோச் ஹாஸ்கெல் பின்னாலேயே வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்து, "ஒரு பிள்ளைய ஐம்பது வருஷம் ஈரத்துணியோட உக்கார வச்சிருக்கீங்களே சார். ஒரு மாத்துத்துணி குடுக்கணும்னு யாருக்கும் தோணலியா?" என்றார்.

கோச் தொப்பியைக் கழற்றினார். திங்கட்கிழமை வேலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அதிலிருந்து வழக்கம் மாறியது. ஆட்டம் முடிந்தால் ஜெர்சி லாக்கருக்குப் போகாது, அக்கா கைக்கு வரும். மழையோ வெயிலோ, அது சிவப்புச் சேற்றோடுதான் வரும், உள்ளே சூட்டோடுதான் வரும். இதனால் அணி ஜெயிக்க ஆரம்பித்தது என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கும் தோற்றது, அதற்கடுத்த ஆட்டமும் தோற்றது. எமெட் ஆடுகிறான், அவ்வளவுதான். ஜெயிப்பதற்கு மற்றவர்களும் ஆட வேண்டும் அல்லவா.

நம் கெமிஸ்ட்ரி ராமசுப்ரமணியன் சார் இதையெல்லாம் நம்பாதவர். அந்த மண்ணில் ஒரு சிட்டிகை வாங்கிப் போய் சோதித்துப் பார்த்தார். இது நம்முடைய மைதானத்து மண்ணே இல்லை, நம்முடையது கரிசல், இதில் இரும்பு ஜாஸ்தி என்றார். அடுத்த வருஷம் கார் பார்க்கிங்கில் விளக்குக் கம்பத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். தாருக்குக் கீழே அதே சிவப்பு மண். பழைய மைதானம், எமெட் ராலி விழுந்த மைதானம், அங்கேதான் இருந்ததாம். அன்றிலிருந்து சார் அங்கே காரை நிறுத்துவதில்லை. தெருவில் நிறுத்திப் போலீஸிடம் அபராத டிக்கெட் வாங்குகிறார். இதோ, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள்.

1985-ல் அக்காவின் அம்மா தவறிப்போனார். அக்கா ஊருக்குப் போனதால் இரண்டு ஆட்டத்துக்கு இங்கே இல்லை. துவைக்க வேறு யாருக்கும் தைரியம் வரவில்லை. ஜெர்சியை லாண்டரி ரூம் கொக்கியில் அப்படியே மாட்டி, கதவைப் பூட்டிச் சாவியை அக்காவுக்காக எடுத்து வைத்துவிட்டார்கள். அக்கா திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். கொக்கியில் ஜெர்சி ஈரமாகத் தொங்கியது. சிங்க்கில் சிவப்புக் கறை. புதுசாக வைத்துவிட்டுப் போன சோப்புக் கட்டி பாதியாகக் கரைந்து, ஈரம் காயாமல் இருந்தது. ஜெர்சியில் மண் போயிருந்தது, ஆனால் கையிடுக்கிலும் கழுத்திலும் சோப்பு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆளில்லாத ரூமைப் பார்த்துத் திட்டினாராம். "ஏலே, அலசத் தெரியாதா ஒனக்கு? கம்பளிக்கு மூணு தண்ணி ஊத்தணும். சோப்ப இப்படியே விட்டா உடம்பு அரிக்காதா?"

சிங்க் குழாய் தானாக ஒருமுறை சொட்டி நின்றது என்றார். அது பழைய குழாய், எப்போதும் சொட்டும் என்றும் அவரே சொன்னார். எங்களுக்கு எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது இந்த வருஷத்துக்கு வருவோம். புதிதாக வந்த அத்லெடிக் டைரக்டர் மிஸ்டர் லாக்வுட் நல்ல மனிதர்தான். நீங்களும் ரிடையர் ஆகிறீர்கள், இனி இதைத் துவைக்க ஆளில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு ட்ரோஃபி ஹாலில் மாட்டிவிடலாம், மரியாதையாக இருக்கும் என்றார். சட்டத்துக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டார்.

அக்கா அவர் ரூமுக்கே போய்விட்டார். "சார், ஓடிட்டு இருக்க பிள்ளைய எப்படிக் கண்ணாடிக்குள்ள போட்டு அடைக்கது? சேத்தோட வருவான், கழட்ட எடம் இருக்காது. மறுபடி ஐம்பது வருஷம் அப்படியே நிக்கணுமா?"

லாக்வுட் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்க ரிடையர் ஆகாதீங்க மேடம்," என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது. அக்கா நிஜமாகவே வீட்டுக்கு வந்து, இன்னும் இரண்டு வருஷம் பார்க்கிறேன் என்றார். தேவதாஸ் அண்ணன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "செத்தவனுக்காக நீ நடக்க முடியாம ஆயிருவியா லீலா? நாளைக்கு ஒன்னயத் தூக்கி விட யாரு வருவா, அவனா?"

அதோடு அக்கா டிசம்பரிலேயே நின்றுவிடச் சம்மதித்தார். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் லாக்கர் ரூமில் தனியாக, துவைத்த ஜெர்சியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். "நான் இனி வர மாட்டேன்லே. முட்டு போயிட்டு. கோவிச்சுக்கிடாத. ஒனக்கு என்ன செய்யதுன்னு எனக்குத் தெரியல."

அந்தச் சனிக்கிழமை மழை கொட்டியது. நீங்கள் பாதிப் பேர் வந்திருந்தீர்கள், குடை பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு அணியும் தலை முதல் கால் வரை கறுப்புச் சேறு. நம்பரே தெரியவில்லை. ஆட்டம் முடிந்தது. லாண்டரி ரூமில் அக்கா நின்றார், பக்கத்தில் லாக்வுட், சட்டம் போடுகிறவரும் அளவெடுக்க வந்திருந்தார். காப்டன் உள்ளே வந்தான். அவன் மேலிருந்து சேறு வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் நீட்டி, தாம்பாளம் ஏந்துவது போல ஜெர்சியைக் கொண்டுவந்தான்.

ஜெர்சி காய்ந்திருந்தது. ஒரு பொட்டு மண் இல்லை. மடித்திருந்தது.

"நான் விரிச்சுத்தான் வெச்சேன் மேடம். எல்லாரும் பாத்தாங்க."

அந்த மடிப்பு இந்த ஊரில் யாருக்கும் தெரியாத மடிப்பு. இரண்டு கையையும் முதுகுப்பக்கம் உள்ளே தள்ளி, மூன்றாக மடக்கி, கழுத்துப்பட்டியை மேலே எடுத்து விடுவது. பாளையங்கோட்டை ஹாஸ்டல் அலமாரியில் துணி அப்படித்தான் இருக்க வேண்டும். அக்கா பத்து வருஷமாக அந்த ரூமில் நின்று அப்படித்தான் மடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா கையை உள்ளே விட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. உடம்புச் சூடு இல்லை. மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனைகூட இல்லாத அளவுக்கு நன்றாக அலசிய துணி. சிங்க்கைத் திரும்பிப் பார்த்தார். சோப்புக் கட்டி நனைந்திருந்தது.

 அப்புறம் அக்கா ஜெர்சியை லாக்வுட் கையில் கொடுத்தார்.

"இனி தாராளமா கண்ணாடி போடுங்க சார். கழட்டி வச்சிட்டான்."

சட்டம் போடுகிறவர் அதை விரிக்கவில்லை. விரிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மடித்தபடியே ட்ரோஃபி ஹாலில் இருக்கிறது, போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். பேக்கரியிலும் நீலக் கலருக்கு மாறிவிட்டார்கள்.

அக்கா, இனி உங்களைப் பார்த்தே சொல்கிறோம். கறையைத் துவைத்தவர்கள் பலர் இருக்கலாம். ஒருவனுடைய காத்திருப்பைத் துவைத்து முடித்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் முட்டுக்கு நல்ல டாக்டரும், தேவதாஸ் அண்ணன் கையால் வேளாவேளைக்குக் காப்பியும், படியில்லாத வீடும், பேரப்பிள்ளைகள் போட்டுக் குவிக்கும் அழுக்குத்துணியை நீங்கள் துவைக்க வேண்டாத நிம்மதியும் கிடைக்கட்டும். ஆண்டவர் உங்களை நெடுங்காலம் சுகமாக வைத்திருக்கட்டும். இந்த மடலையும் சட்டம் போட்டுத்தான் தருகிறோம். தயவுசெய்து இதைத் துவைத்துவிட வேண்டாம்.

கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில், உங்கள் பிள்ளைகள் படிக்கும் காலேஜில், இது மாதிரி ஏதாவது நடந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம், நாங்கள் சிரிக்க மாட்டோம், ராமசுப்ரமணியன் சாரும் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. லைப்ரரி விலாசத்துக்கு, அங்கே வேலை பார்க்கும் நம் ஞானம் கவனத்துக்கு என்று போட்டால் வந்துசேரும். முக்கியமாக, துவைக்காமல் மாட்டி வைத்திருக்கும் ஜெர்சி எங்கேயாவது இருப்பது தெரிந்தால் உடனே எழுதுங்கள். அக்காவுக்கு முட்டுதான் போயிற்று. கை நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
லாட்டிமர் காலேஜ் தமிழ் ஊழியர்கள்,
லைப்ரரி, கெமிஸ்ட்ரி, கணக்கு, கிச்சன்
டிசம்பர் 1989