திட்டாமல் சொல்லித்தந்த இருநூற்றுப் பதினான்கு செய்திகள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கம்பைலர் குழுத் தோழர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் அக்காவின் மகளே, வணக்கம். அழுவதற்காக நான் மைக்கைப் பிடிக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

நாம் 'பிழைச்செய்தி அக்கா' என்று அழைத்தவரின் வேலை குடும்பத்தாருக்கே சரியாகத் தெரிந்திருக்காது. நம் நிரல்மொழியில் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அந்த மொழியின் இலக்கணத்தை நாம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்போம். பழைய முறையில் எழுதியவர் திருதிருவென்று விழிப்பார். அவருக்குத் திரையில் வரும் செய்தியை எழுதியவர் நம் அக்கா! பதினாறு ஆண்டுகள்! இருநூற்றுப் பதினான்கு செய்திகள்!

ஒன்றில்கூட 'தவறு' என்ற சொல் கிடையாது. நான் எழுதிய ஒன்றை அடித்துவிட்டுக் கேட்டார்: "நேத்து வரைக்கும் நாமதானே இதுதான் சரின்னு சொன்னோம்? இன்னைக்கு அவங்களைத் தப்புன்னு சொல்ல நமக்கு என்னப்பா யோக்கியதை?" பிறகு அவரே எழுதினார்: 'இந்த முறையை நாங்கள் மாற்றிவிட்டோம். இனி இப்படி எழுதுங்கள்.' கீழே திருத்திய வரியும் இருந்தது. பழியை யார் தலையில் போட்டார் பார்த்தீர்களா? நம் தலையில்! அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

குடிநீர் நிலையத்து மோட்டார்காரர் ஒருவர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார். அங்கே மோட்டாரை ஓட்டுவது, எப்போதோ வேலையை விட்டுப் போனவர் நம் மொழியில் எழுதிய நிரல். ஒரு எண்ணை மாற்றப்போக, மொத்தமும் நின்றுவிட்டது. அக்காவின் செய்தியைப் பார்த்துத் தானே சரிசெய்திருக்கிறார். "திட்டாம சொல்லிக் குடுத்துச்சும்மா உங்க மெஷினு" என்றார். அன்று முழுக்க அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்படிப்பட்டவருக்கு நாம் என்ன செய்தோம்? "பழசை எவன் எழுதறான்? எல்லாத்தையும் தூக்குங்க" என்று கூட்டத்தில் சொன்னது யார்? 'பழைய பேப்பர்காரம்மா' என்று கேலி பேசியபோது சிரித்தது யார்? நாம்தான்! இருநூற்றுப் பதினான்குக்கும் பதிலாக 'செல்லாத தொடர்' என்று இரண்டு சொல்! அக்கா மருத்துவமனையிலிருந்து கெஞ்சினார்: "ஒரு வாரம் பொறுங்கப்பா, நான் வந்து பேசறேன்." பொறுத்தோமா? மறுநாளே நீக்கினோம். நீக்கவும் சேர்க்கவும் இருவர் ஒப்புதல் வேண்டும். ஒன்று தலைவருடையது. இன்னொன்று, அக்கா மகளே, என்னுடையது. தலைவர் முதலில் போட்டார், அடியில் நானும் போட்டேன். தகவல் அக்காவின் கைப்பேசிக்குப் போனது. "சரிப்பா" என்று மட்டும் பதில் வந்தது. நான்காம் நாள் அவர் இல்லை.

இன்று காலை அத்தனை செய்திகளையும் திரும்பச் சேர்த்து ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன். என் ஒப்புதலையும் போட்டுவிட்டேன். இனி வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அக்கா எழுதியபடியே நான் எழுதுவேன். வேலை போனாலும் சரி. அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் கெஞ்சியபோது மௌனமாக இருந்தது போதாதா? தலைவர் அவர்களே, இன்னும் ஒரு ஒப்புதல் பாக்கி. உங்கள் மடிக்கணினி மேசைமேல்தான் இருக்கிறது. அவர் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், திறவுங்கள்.