நீலாம்மாவின் நடு நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் நம் லாலாகுடா தமிழ்ச் சங்கத் தலைவர் வெங்கட்ரமணன் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் நண்பர் ஜகதீசன் அவர்களே, அவர் மகள் ஷர்மிளா அவர்களே, ஊரின் மறுகோடியில் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கும் பல்கலைக்கழக மாணவச் செல்வங்களே, ஒர்க்‌ஷாப் கேட்டில் தொழிற்சங்கக்காரனாக நான் போட்ட சத்தத்தையெல்லாம் காலம் முழுக்கப் பொறுத்துக்கொண்ட என் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த இருதயராஜின் கனத்த வணக்கம்.

நம் சங்கத்தின் கலைச் செயலாளர் நீலா ஜகதீசன் போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அழுகையெல்லாம் வீட்டிலேயே ஆயிற்று. இந்த அம்மையாரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் எனக்கு உற்சாகம்தான் பொங்கிக்கொண்டு வருகிறது. நான் என்ன செய்ய?

யார் இந்த நீலா? ரயில் பெட்டிகளின் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். ஊரடங்கு காலத்தில் ஓய்வு பெற்றவர். நம் ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு என்றால் என்ன? மாலை உண்டு, மேளம் உண்டு. வரிசையாக நாற்காலி போட்டு, ஓய்வு பெறுகிறவரை நடுவில் உட்காரவைத்து ஒரு குரூப் போட்டோ உண்டு. அந்தப் போட்டோ மாட்டாத வீடு நம் குவார்ட்டர்ஸில் உண்டா? ஒரு வீடு உண்டு, அது நீலாம்மா வீடு. முகக்கவசத்தோடு கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனியாக நடந்து வீட்டுக்குப் போனார்.

அப்படிப் போனவர் சும்மா இருந்தாரா? பல்கலைக்கழகத்தில் ஓராண்டு சினிமா வகுப்பு நடக்கிறது, வயது வரம்பு கிடையாது என்று யாரோ சொல்ல, பிடித்துக்கொண்டார். நூற்றுக்கணக்கான பேர் முட்டி மோதும் வகுப்பு அது. எடுத்துக்கொள்வதோ ஒரு டஜன் பேரை. "கைக்கும்மா, எதுக்கு இதெல்லாம்? அங்க எல்லாம் சின்னப் பசங்கதான் இருப்பாங்க" என்றது நம் ஷர்மிளா. நீலாம்மா அந்தப் பெண்ணின் போனையே வாங்கி, படமெடுக்க ஸ்டாண்டில் மாட்டினார்.

தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி ஐந்து நிமிடப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அதுதான் முதல் சோதனை. அவர் நினைத்த படம் எளிமையானது. ஷிப்ட் முடிந்து நாம் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை சங்கத்து வாசலுக்கு வாங்க. வேலைக்குப் போற துணியிலயே வாங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாம் எப்படிப் போனோம்? சொல்லட்டுமா? தலைவர் கோட்டு போட்டிருந்தார். நீலாம்மாவோடு உறை தைத்த லலிதா பட்டுப்புடவையில் வந்தார். நான் மீசைக்கு மை அடித்திருந்தேன். அதோடு விட்டோமா? கேமராவைக் கண்டதும் நாமே உள்ளே போய் நாற்காலிகளைத் தூக்கிவந்து வரிசையாகப் போட்டோம். உயரமானவர்கள் பின்னால் போய் நின்றோம். நடு நாற்காலியைப் பழக்கதோஷத்தில் காலியாக விட்டோம். அன்றைக்கு ஓய்வு பெற அங்கே யாருமே இல்லை!

"ஐயோ, போட்டோ நக்கோ, வேணாம்! நடங்க, பேசிக்கிட்டே நடங்க" என்று அந்த அம்மா கெஞ்சினார். கேட்டோமா? "முதல்ல ஒரு போட்டோ எடும்மா, அப்புறம் எவ்வளவு வேணாலும் நடக்கறோம்" என்றேன் நான். அவர் எங்கள் வரிசையையும் காலி நாற்காலியையும் பார்த்தார். பிறகு, "சரிண்ணா, யாரும் அசையாதீங்க" என்று போட்டோவுக்குப் பதில் வீடியோ பட்டனை அழுத்தினார். முடிந்தது என்று சொல்லவேயில்லை.

நின்றோம். தலைவரின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. என் பக்கத்தில் நின்ற கோபி இழுத்துப் பிடித்திருந்த தொப்பை மெல்ல இறங்கியது. லலிதா வாயோரத்தால், "இன்னுமா எடுக்கறா?" என்று ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக் கல்யாணம் வரை போய்விட்டார். அப்போது ரயில் லைனில் ஒரு என்ஜின் ஹார்ன் அடித்தது. அத்தனை தலையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. படம் அவ்வளவுதான்.

அந்தப் படம் அவரை நேர்முகத் தேர்வு வரை கொண்டுபோனது. நானும் ஜகதீசனும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு பேராசிரியர், "நடு நாற்காலி யாருக்கு?" என்று கேட்டாராம். நீலாம்மா தெலுங்கில் பதில் சொல்லியிருக்கிறார்: "எனக்குத்தான் சார். நான் போய் உட்கார்ந்துட்டா, படத்தை யார் எடுக்கறது?"

தோழர்களே, இடம் கிடைத்த செய்தி வந்த அன்று நம் காலனி பட்ட பாட்டை மறக்க முடியுமா? வாய் திறந்தே பேசாத ஜகதீசன் மொட்டை மாடியில் ஏறி, "என் பொண்டாட்டிக்குக் கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார். தீபாவளிக்கு வெடிக்காத சரமெல்லாம் வெடித்தது. சத்தம் கேட்டு விசாரிக்க வந்த போலீஸ்காரர் லட்டு தின்றுவிட்டுப் போனார். "ஹவ் அண்ணா, ஆமா, நான் மறுபடி ஸ்டூடண்ட்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் நீலாம்மா. அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் தொழிற்சங்க வெற்றிகள் எல்லாம் ஒன்றுமே இல்லை.

படிப்பின் முடிவில் அந்தப் படத்தையே பெரிதாக எடுத்தார். ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. நாம் பேசிக்கொண்டே நடந்து வர வேண்டும், நடு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவரோடு படிக்கும் ப்ரியம்வதா கேமராவைப் பிடிக்க வேண்டும். வருகிற ஞாயிறு என்று நாள்கூடக் குறித்தார்கள். அதற்குள் போய்விட்டார்.

அந்தப் படம் பாதியில் நிற்கலாமா? நிற்க விட மாட்டோம்! இதோ, ப்ரியம்வதா கேமராவோடு வந்திருக்கிறார். முற்றத்தில் நாற்காலியைப் போட்டாயிற்று. அதில் மாலை வேண்டாம், அவர் போட்டோவும் வேண்டாம். அது காலியாகவே இருக்கட்டும்.

வழக்கப்படி இப்போது எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும். இன்றைக்கு அது வேண்டாம். அசையாமல் நின்றுதான் அன்றைக்கு அந்த அம்மாவைக் கெஞ்ச வைத்தோம். எழுந்திருங்கள். ஷிப்ட் முடிந்துவிட்டது, வீட்டுக்கு நடப்போம். அந்த நாற்காலியைத் தாண்டி, பேசிக்கொண்டே நடப்போம்.

ப்ரியம்வதா, கேமராவை ஓட விடும்மா. லலிதா, கண்ணைத் துடைச்சுக்கோம்மா. நீதான் பேச்சை ஆரம்பிக்கணும்.