உச்சி வெயிலில் மூடும் வெப்சைட்

சபரிநாதன்: ...அப்ப நீ பாத்துக்கிற நம்ம கம்பெனி வெப்சைட்டு மத்தியானமானா தானாப் படுத்துக்கிடுதுன்னு சொல்ற?

பாண்டிச்செல்வி: சர்வர் பழசு அண்ணாச்சி. கூட்டம் ஏறுனா தெணறும். அதான் 'பராமரிப்பு வேலை'ன்னு போர்டு காட்டுது.

சபரிநாதன்: கூட்டமா? பட்டாசு யாவாரி அம்புட்டுப் பேரும் அந்நேரம் தின்னுட்டுத் தூங்குவான் தாயி. எங்கிட்டுருந்து வருது கூட்டம்?

பாண்டிச்செல்வி: வடக்க உள்ள கடைக்காரங்க...

சபரிநாதன்: இரு, நான் முடிச்சுக்கிறேன். போன வாரம் மழை பெஞ்சுச்சுல்ல?

பாண்டிச்செல்வி: ஆமா...

சபரிநாதன்: மழை பெஞ்ச அன்னைக்கு மட்டும் படுக்கல! நாள் பூராம் நல்லா ஓடியிருக்கு. இது என்ன சர்வரா, எருமை மாடா?

பாண்டிச்செல்வி: இதெல்லாமா கவனிச்சுக்கிட்டு இருந்தீக?

சபரிநாதன்: யாவாரத்துல கண்ண மூடுனா கோவணமும் மிஞ்சாது. எங்க சித்தப்பா மகன் ஆமத்தூர்ல புதுசா கம்பெனி போட்டிருக்கான். நம்ம கடை மூடுன நேரத்துல ஆர்டர அவன் பக்கம் திருப்பி விடுறியோன்னு...

பாண்டிச்செல்வி: அய்யய்யோ! நான் பொறக்கும் முன்னாலருந்து எங்கம்மா உங்க தாயில்பட்டி பேக்டரியில வெடிமருந்து கலக்குது. அந்தச் சோத்தத் தின்னவ நான். அப்படிச் செய்வேனா?

சபரிநாதன்: உங்கம்மா வள்ளித்தாய் மேல எனக்குச் சந்தேகமே கிடையாது. அவ மக மேலதான். அதுக்குத்தான் மதுரையிலருந்து ஒரு ஆளக் கூட்டியாந்து சர்வரத் தொறந்து பார்த்தேன்.

பாண்டிச்செல்வி: ...எப்ப?

சபரிநாதன்: அத விடு. உள்ள ஏதோ ரெண்டு வரி புரோகிராம் சொருகி வச்சிருக்கியாம். வானிலை சொல்ற சைட்ல போய்க் கேட்டுட்டு வருதாம். பட்டாசு விக்கிறவனுக்கு வானிலை என்னத்துக்கு?

பாண்டிச்செல்வி: அது... நெட்ல சும்மா கெடந்துச்சு. எடுத்து ஒட்டுனேன். மேல சூரியன், மேகம்னு படம் காட்டலாம்னு...

சபரிநாதன்: படத்தையே காணமே?

பாண்டிச்செல்வி: இன்னும் போடல.

சபரிநாதன்: பொய்யின்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு.

பாண்டிச்செல்வி: உங்க போன் என்ன, கிளிங் கிளிங்குன்னு கத்திக்கிட்டே கெடக்கு?

சபரிநாதன்: ஆர்டரு.

பாண்டிச்செல்வி: வாட்ஸப்லயா?

சபரிநாதன்: நம்ம சைட்லதான்.

பாண்டிச்செல்வி: இந்நேரத்துக்கா? வராதே! வெளிய வெயிலு மண்டையப் பொளக்குதே!

சபரிநாதன்: மாட்டுனியா! வெயிலடிச்சா ஆர்டர் வராதுன்னு உனக்கு யாரு சொன்னா? சொல்லு... எவனுக்கு விக்கிற?

பாண்டிச்செல்வி: எவனுக்கும் இல்ல... சொல்றேன். காலங்காத்தால குளுமையில மருந்து கலக்கணும். வெயில் ஏறுனா மருந்து பத்திக்கிரும், கலவை ரூமப் பூட்டிறணும். உங்க அப்பா காலத்துலருந்து அதான வழக்கம்?

சபரிநாதன்: இப்பவும் அதான்.

பாண்டிச்செல்வி: சீசன்ல எங்க பூட்டுறீக? மத்தியானம் ஆர்டர் குவிஞ்சா நீங்க பேக்டரி கேட்டுக்குப் போன் போடுவீக. போர்மேன் நாகையா உள்ள வந்து, "இன்னொரு கலவை போடு வள்ளித்தாயி"ன்னுவாரு. எங்கம்மா மாட்டேன்னு சொல்லுமா? போன சித்திரையில எங்கம்மாகூடக் கலவை போட்ட முத்துமாரி அக்காவுக்குக் கை வெந்ததும் இப்படி ஒரு மத்தியானந்தான்.

சபரிநாதன்: அதுக்கும் சைட்டுக்கும் என்ன தாயி?

பாண்டிச்செல்வி: ஆர்டர் வரலைன்னா நீங்க போன் போட மாட்டீக. அதான் சிவகாசியில சூடு ஏறுனா ஆர்டர் பக்கத்த மூடு, எறங்குனாத் தொறன்னு எழுதி வச்சேன். திருட்டுத்தனந்தான், ஒத்துக்கிறேன். என்னைய வேலைய விட்டுத் தூக்குங்க. அந்த வரிய மட்டும் தூக்கிறாதீக அண்ணாச்சி, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்.

சபரிநாதன்: இரு, மொதல்ல ஒரு போன் போடணும்.

பாண்டிச்செல்வி: யாருக்குப் போன் போடுறீக... போலீசுக்கா?

சபரிநாதன்: பேக்டரி கேட்டுக்கு... வாட்ச்மேன் எடுக்க மாட்டேங்கிறான். மருந்து இருக்கிற எடத்துல எவன்ட்டயும் போன் இருக்காதே... வண்டியில ஏறு தாயி, சீக்கிரம். அந்த வரிய நேத்தே எடுக்கச் சொல்லிட்டேன். நீ வர்றதுக்குச் செத்த முன்னாலதான் நாகையாட்ட இன்னொரு கலவை போடச் சொன்னேன்... உங்கம்மா இப்ப அந்த ரூம்லதான் இருக்கா.