திரும்பிப் பாராமல் முன்னே நடந்த எங்கள் 'வாங்க டீச்சர்' அவர்களுக்கு

வாசலில் நின்று வந்தவர் வாட்டம் தீர்த்த வாஞ்சைமிகு அன்னையே! மறைநூலை மனப்பாடமாக்காமல் மனத்துக்குப் பாடமாக்கிய மாண்புமிகு ஆசிரியையே! புதிதாய் வந்தோரைப் புறத்தே நிறுத்தாது புன்னகையால் உள்ளழைத்த பெருந்தகையே! எங்கள் பங்குக் கோயிலின் பெரியோர் மறைக்கல்விக்கும் வரவேற்புப் பணிக்கும் இருபது ஆண்டுகளாய்த் தோள்கொடுத்து, கண் மருத்துவரின் கண்டிப்புக்குப் பணிந்து இன்று ஓய்வுபெறும் எங்கள் 'வாங்க டீச்சரே'! வணக்கம்.

"அஞ்சா நெஞ்சரே!" என்றும் ஒரு விளி எழுதியிருந்தோம். நேற்று மாலை அதை அடித்துவிட்டோம். சட்டமிட்டு மாட்டும்போது அந்தக் கோடு தெரிந்தால் பொறுத்தருள்க. காரணம் கீழே வருகிறது.

கோயில் வாசலில் எவர் தயங்கினாலும் "வாங்க" என்பதே உங்கள் முதற்சொல். மழைக்கு ஒதுங்கியவர் குடையை உதறி முடிப்பதற்குள் அவருக்கு நாற்காலி போட்டிருப்பீர்கள்! பதிவுத் தபால் கொண்டுவந்த தபால்காரர் அடுத்த ஆண்டே திருமுழுக்கென்னும் ஞானஸ்நானமே பெற்ற கதையைப் பங்கே அறியும். "நான் கையெழுத்து வாங்கத்தாங்க வந்தேன்" என்று அவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

பகலெல்லாம் உழைத்துவிட்டுக் கண் செருக வந்தமரும் பெரியவர்களுக்குப் பாடம் சொல்வது எளிதன்று. கால் ஆடும் மேசையும் கதவு சரியாய்ச் சாத்தாத அறையும் கொண்டு அதைச் செய்தீர்கள். மின்பணியாளர் ஒருவர், "எங்கப்பா ஞானஸ்நானம் வாங்காமலே போயிட்டாரு டீச்சர். அவரு இப்ப எங்க இருப்பாரு?" என்று கேட்டபோது நாங்கள் ஆளுக்கொரு புத்தகத்தைப் புரட்டினோம். நீங்களோ, "கடவுளுக்கு உங்கப்பாவ உங்கள விட நல்லாத் தெரியும்" என்றீர்கள். அவர் அங்கேயே அழுது தீர்த்தார்.

இனி, எங்களை நடுங்கவைக்கும் செய்திக்கு வருகிறோம்.

திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்கள் ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் எழுந்து, தாங்கள் கேட்ட இறைவார்த்தையைப் பற்றி உரையாடப் பக்கத்து அறைக்குச் செல்வது நம் வழக்கம். பங்குத்தந்தை "போய் வாருங்கள்" என்பார். மறைநூலை உயர்த்திப் பிடித்து நீங்கள் முன்னே நடப்பீர்கள். அவர்கள் பின்னே வருவார்கள். ஒருநாளும் நீங்கள் திரும்பிப் பார்த்ததில்லை. ஆகா, என்ன கம்பீரம் என்று வியந்திருந்தோம்!

கடந்த மாதம் உங்கள் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த ஞாயிறு, உங்களுக்குப் பதிலாக நம் 'மைக் அண்ணன்' நின்றார். தொழிலால் தையற்காரர், மைக்கே தேவைப்படாத குரலால் அந்தப் பெயர் பெற்றவர். பங்குத்தந்தை வாய்திறக்கும் முன்பே, உதவி செய்வதாய் எண்ணி, "ஞானஸ்நானம் வாங்காதவங்க எல்லாம் வெளிய போகலாம்!" என்று முழங்கிவிட்டார்.

பக்கவாசலைத் தாண்டினால் வலப்புறம் நம் அறை, இடப்புறம் தெருக்கதவு. மற்றவர்கள் வலப்புறம் திரும்பினார்கள். ரொட்டிக்கடையில் வேலைபார்க்கும் பெண்மணி ஒருவர் மட்டும் இடப்புறம் திரும்பினார். கணவர் வீட்டார் முகம்சுளிக்க, கடையில் கெஞ்சி விடுப்புக் கேட்டு, வரும் ஈஸ்டர் பாஸ்காவில் திருமுழுக்குப் பெறக் காத்திருந்தவர் அவர். அன்று போனவர் இன்னும் வரவில்லை.

கறுப்புக் கண்ணாடியோடு நீங்களே கடைக்குப் போய் வரிசையில் நின்றீர்கள். "எல்லா எடத்துலயும் என்னை வெளிய போன்னு சொல்லிட்டாங்க டீச்சர். இங்கயும் சொல்லிட்டாங்க" என்றார் அவர். "சொன்னாங்க. தப்பாச் சொன்னாங்க. சொன்னவரு அன்னையிலேருந்து சரியாத் தூங்கறதில்ல. நீங்க வந்து நல்லா நாலு திட்டுத் திட்டினாத்தான் தூங்குவாரு" என்றீர்கள். அவர் சிரித்தாராம், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லையாம்.

நேற்று மாலை குழு கூடியபோது, வரும் ஞாயிறு முதல் மறைநூலை ஏந்தி முன்னே நடக்க வேண்டியவர் மைக் அண்ணன்தான் என்று அறிவித்தீர்கள். அந்த மலைபோன்ற மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "நானா? என் பின்னாடி யாரு டீச்சர் வருவா?" என்றார்.

அப்போது சொன்னீர்கள்: "எனக்கும் அதே பயந்தான். இத்தனை வருசமா நான் ஏன் திரும்பியே பாக்கலேன்னு நெனச்சீங்க? பாத்து, பின்னாடி யாருமே இல்லேன்னா என்ன பண்றது?"

அதனால்தான் அந்த விளியை அடித்தோம், டீச்சர்.

உங்களுக்கே அச்சமென்றால் எங்கள் கதி என்ன? அறைச்சாவி எங்களிடம் இருக்கிறது. "வாங்க" என்ற சொல்லும் எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல் எவரைத் தெருவுக்கு அனுப்பிவிடுமோ என்ற பயம் எங்களை விடவில்லை. ஞாயிறு வரக்கூடாதா என்றும் இருக்கிறது, வந்துவிடுமே என்றும் இருக்கிறது.

இன்று காலை மைக் அண்ணன் தனியாக ரொட்டிக்கடைக்குப் போனார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவருக்குக் குரலே எழவில்லை. நம் மைக் அண்ணனுக்கு! அந்தப் பெண்மணியே சொன்னாராம்: "வருவேனான்னு எனக்கே தெரியலண்ணே. ஆனா வந்தா, செருப்புச் சத்தம் நல்லாக் கேக்கற மாதிரி ஒங்க பின்னாடியே நடக்கறேன். நீங்க திரும்பிப் பாக்க வேணாம்."

வரும் ஞாயிறு அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நடப்போம். நீங்களும் இருக்கையிலிருந்து கேளுங்கள். எங்களை விட உங்களுக்கு முதலில் கேட்கும்.

தெளிந்த கண்ணும், தேய்வில்லா நலனும், திகட்டாத ஓய்வும் பெற்று நீடூழி வாழ்வீராக! நீங்கள் போட்ட நாற்காலிகளில் அமர்ந்தவர் அனைவரின் மன்றாட்டும் உங்களைத் தாங்குவதாக! இம்மடலை வாசிக்க மைக் அண்ணனையே பணித்திருக்கிறோம், மைக் இல்லாமல். கடைசி வரியையாவது இம்முறை சரியாகச் சொல்கிறாரா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்:

"போயிட்டு வாங்க, டீச்சர்."

பயத்தோடும் பாசத்தோடும்,
பெரியோர் மறைக்கல்விக் குழுவினர், வரவேற்புக் குழுவினர்