மேனேஜர் பேருக்கு அர்ச்சனை

டெல்லியின் ஜனவரிக் குளிரில், முனிர்கா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு தமிழ் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விபூதி பூசியிருந்தவன் சொன்னான்:

“அந்த இங்கிலீஷ் ஃபுட்பால் டீம் மேனேஜர் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வர்றேன்டா.”

“வெள்ளைக்காரருக்கா? எதுக்கு?”

“அவர் வேலை போகாதுன்னு ரூம்ல பந்தயம் கட்டினேன். தோத்தா ஒரு வாரம் எல்லார் பாத்திரமும் நான் கழுவணும். ஜெயிச்சா எனக்கு ஒரு வாரம் லீவுன்னுதான் முதல்ல சொன்னாங்க. அவரைத் தூக்கப்போறாங்கன்னு பேப்பர்ல வதந்தி வந்ததும், குளிர்காலம் முழுக்க லீவுன்னு ஏத்திட்டாங்க. உடனே கட்டிட்டேன். நேத்து கிளப்பே அவர்தான் தொடர்வார்னு சொல்லிடுச்சு. இனிமே அந்த ஐஸ் தண்ணில கை வைக்க வேண்டாம். புண்ணியவான்டா!”

“அச்சா. குருக்கள் நட்சத்திரம் கேட்டிருப்பாரே?”

“என்னோடதையே சொல்லிட்டேன். நேத்து வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்துதானே?”