மேசைக்கு அடியில் யார்?

அவைக்கு ஒளியாய், எங்களுக்கு ஊக்கமாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! நரைத்த தலையும் நரைக்காத நெஞ்சுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பெற்று வளர்க்கும் தாய்மார்களே! பெறாமலே வளர்க்கும், என்னைப் போன்ற டேகேர் தாய்மார்களே! தோளில் கஞ்சிக் கறையோடு மேடையேறியிருக்கும் இவளின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

பிள்ளைக்குச் சோறூட்டுவது பெரும் போர். ஓடும், ஒளியும், துப்பும், தட்டைத் தலையில் கவிழ்க்கும். அங்கே ஓர் அம்மா சிரிக்கிறார். உங்கள் வீட்டிலும் அதே கதைதானா? சிரியுங்கள் அம்மா! நான் சொல்ல வந்தது ஓடாத பிள்ளையின் கதை.

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் என் வீட்டுக் கூடத்தில் ஒரு நீள மேசை, சுற்றிலும் குட்டி நாற்காலிகள். அங்கே வந்து சேர்ந்தாள் மூன்று வயதுச் சிட்டு. அவள் அம்மா வங்கியில் வேலை பார்ப்பவர். "உட்காருன்னா உட்காருவா. ஒரு பருக்கை சிந்தமாட்டா. உங்களுக்குத் தொந்தரவே இருக்காதுக்கா" என்று பெருமையாய்ச் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னது சத்தியம். சிட்டு அமர்ந்தாள், அசைவில்லை. உண்டாள், ஓசையில்லை. கால்களை மட்டும் தொங்கவிடாமல் நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொள்வாள். மென்றபடியே மேசைக்கு அடியில் பார்ப்பாள்.

அடுத்த வாரம், கரண்டியால் தாளம் போடும் எங்கள் வாயாடிப் பயல் தாளத்தை நிறுத்தினான். கால்களை மேலே தூக்கினான். மறுநாள் அவன் பக்கத்துப் பிள்ளை. அப்புறம் எல்லோரும். ஒரு நண்பகல் சமையலறையிலிருந்து தண்ணீரோடு வருகிறேன். கூடம் நிறையக் குழந்தைகள், ஆனால் ஒரு குரல் இல்லை! ஒரு பாதம்கூடத் தரையில் இல்லை! எல்லா வாயும் ஒன்றாய் மெல்லும் சத்தம் மட்டும். இது ஒழுக்கமா, உறைந்துபோன பயமா?

நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். "சிட்டு, காலக் கீழ போடுடா கண்ணு."

அவள் உதட்டில் விரல் வைத்தாள். "ஆடினா அவரு முழிச்சுக்குவாரு, ஆன்ட்டி."

"யாரு?"

"கீழ படுத்திருக்கறவரு. சிந்தினா காலப் புடிச்சுக்குவாரு."

குனிந்து பார்க்க நினைத்தேன், முடியவில்லை. ஏன் தெரியுமா? என் கால்கள் இரண்டும் நாற்காலிமேல் இருந்தன. எப்போது தூக்கினேன்? இன்றுவரை எனக்குத் தெரியாது!

மாலையில் சிட்டுவின் அம்மா வந்ததும் கேட்டேன். "சாப்பிட வைக்க நான்தான் அப்படிச் சொன்னேன்க்கா. வளர்ந்தா மறந்துடும்" என்றபடி மேசையருகே அமர்ந்தார். அமர்ந்தவரின் கால்கள் தாமாக மேலே ஏறின. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"எனக்கும் இதச் சொல்லித்தான் ஊட்டினாங்க" என்றார் மெதுவாக. "பேங்க்லயும் இப்படித்தான் உட்காருவேன். எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

நான் ஒரு தட்டில் சோற்றை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தேன். குளிர்ந்த தரை.

"நீங்களும் வாங்க."

"என்னால முடியாதுக்கா!"

"அவ உங்களத்தான் பார்த்துட்டிருக்கா."

வேர்த்து, வெலவெலத்து, தவழ்ந்து வந்தார் அந்தத் தாய். மேலே நாற்காலியிலிருந்து சிட்டுவின் மெல்லிய குரல் கேட்டது: "அம்மா... அவரு இருக்காரா?"

"யாருமே இல்லடா. அம்மா பொய் சொல்லிட்டேன். நான் மட்டுந்தான் இருக்கேன்."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, ஒரு சின்னப் பாதம் இருட்டுக்குள் இறங்கியது. அள்ளி முத்தமிடத் துடித்த கையை அம்மா முதுகுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டார். இருட்டில் காலைப் பிடித்தால் பிள்ளை என்ன நினைக்கும் என்று அவருக்கல்லவா தெரியும்! பாதம் தரையைத் தொட்டது. சிட்டு உள்ளே வந்தாள். எங்களோடு உண்டாள். வாரி வாரி இறைத்தாள்!

இன்று அவள் ஒரு வாய்க்கு ஒரு தடவை எழுந்து ஓடுகிறாள். என் இடுப்பு ஒடிகிறது. ஆனால் அவள் அம்மாவின் கால்கள் இன்னும் முழுதாய் இறங்கவில்லை.

தாய்மார்களே! தரையில் சிந்தியதைத் துணி துடைக்கும். சிந்தையில் சிந்திய அச்சத்தை எது துடைக்கும்? பிள்ளை இறைக்கட்டும், எழட்டும், ஓடட்டும்! பின்னாலேயே ஓடுவோம், பெருக்கி எடுப்போம், பயத்தை மட்டும் ஊட்டமாட்டோம்!

கையைப் பிசைந்தபடி கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. வீட்டில் காத்திருக்கும் உங்கள் குட்டிகளுக்கு என் அன்பு. வணக்கம்!