மெந்தால் டின்னும் ஒரு சத்தியமும்

தண்ணிங்கிறேன் தம்பி, தண்ணி! உங்க கம்பெனி மெந்தாலு தண்ணியாக் கெடக்குங்கிறேன், நீங்க என்னடான்னா டின்னோட வந்த காயிதத்த நீட்டுறீங்க! எஸ்.டி.டி. பூத்துல நின்னு போன் போட்டு மதுரையில இருந்து ஒங்கள வரவழைச்சது காயிதம் படிக்கவா?

இல்ல, ஒங்க மேல தப்பில்ல. வரும்போது ஊசி ஊசியா, பளபளன்னுதான் இருந்துச்சு. களவாண்டது செபாஸ்தியம்மா. பன்னெண்டு வருசமா நம்ம பாக்குக்கு வாசன கலக்குறவ. மெந்தால எடுத்துட்டு டின்னுல தண்ணிய ஊத்தி வச்சிருக்கா!

எப்படிக் கண்டுபிடிச்சேனா? டின்ன அவ மொகத்துக்கு நேராத் தெறந்து, "என்னாத்தா இது?"ன்னேன். பொலபொலன்னு அழுகுறா! ...என்னா? நெடிக்குக் கண்ணு கலங்குமா? எனக்குந்தான் கலங்குச்சு, அது வயித்தெரிச்சல்ல தம்பி!

"சூடமணைச்சுச் சத்தியம் பண்ணு"ன்னேன். "நான் மாதாவக் கும்புடுறவண்ணே, பைபிள்ல கை வைக்கிறேன். இல்லாட்டி டின்ன எட போட்டுப் பாருங்க"ங்கிறா. விடுவேனா? அந்த டின்னுக்குள்ளதான் பழனிச் சூடம் போட்டு வச்சிருந்தேன்... அட, காவலுக்குத்தான், முருகன் பாத்துக்குவான்னு! எடுக்கலாம்னு பாத்தா, சூடத்தையும் காணோம்! சத்தியத்துக்குப் பயந்து அதையும் அமுக்கிட்டா. சர்ச்சுக்குப் போறவளுக்குச் சூடம் எதுக்குங்கிறேன்?

அன்னைக்கே வேலைய விட்டுட்டுத் தாடிக்கொம்பு போயிட்டா. போகட்டும்னு வேற டின்ன ஒடைச்சு நானே கலக்குனேன். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு மூணு மூட்ட அனுப்புனேன். வாயில போட்டவனெல்லாம் இருமுறானாம், மூணும் திரும்பி வந்துருச்சு. உண்மையச் சொல்றேன், அவ இல்லாட்டி இந்தப் பட்டறையச் சாத்த வேண்டியதுதான்.

அதென்ன, மறுபடி காயிதத்துல வெரல வைக்கிறீங்க? சரி, படிக்கிறேன். "வெப்பம் படாத இடத்தில், இறுக மூடி..." அதான் அடுப்புக்கு மேல பலகையில பத்திரமா வச்சிருந்தேனே! அப்பறம்... "கற்பூரத்துடன் சேர்த்து வைக்கக் கூடாது."

கற்பூரம்னா... சூடத்தையா சொல்றான்?

ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பட்டா எளகித் தண்ணியாயிருமா? அப்ப மெந்தாலு டின்னுக்குள்ளயேதான்... சூடமும்...

ஆத்தாடி! எட போடச் சொல்லிக் கெஞ்சுனாளே, நாந்தான் காதுலயே வாங்கல. ஒரு பாவமும் அறியாதவள அழ வச்சுட்டேனே தம்பி.

ஏந்திரிங்க, தாடிக்கொம்பு போவோம். நீங்களே படிச்சுக் காட்டுங்க, நான் சொன்னா நம்ப மாட்டா... அட, பையத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க? தம்பி! ஏ தம்பி! காயிதத்தயாவது குடுத்துட்டுப் போங்க! வெறுங்கையோட போயி நின்னா, "நீங்க சூடமணைச்சுச் சத்தியம் பண்ணுங்கண்ணே"ம்பாளே... சூடத்துக்கு நான் எங்க போவேன்? அதான் தண்ணியாப் போச்சே!